அமெரிக்கா போகாதவளின் ஆஸ்பத்திரி இங்கிலீஷ்

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு நோய் வந்திருக்கிறதோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அது என்ன நோய் என்று தெரிந்திருக்கும். என் மாமியாருக்குக் குடலில் புற்றுநோய் வந்தபோது எங்கள் தெரு இஸ்திரிக்காரருக்குக்கூட விஷயம் தெரியும். மாமியாருக்கு மட்டும் அல்சர். காரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று கடைசிவரை நம்பிக்கொண்டு, ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்கிறது என்று என்னைக் கோபித்துக்கொண்டே இருந்தார். இதற்காக என் கணவர் இரண்டு ஃபைல் வைத்திருந்தார். ஒன்று வீட்டில் டிவி பக்கத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். ரத்தசோகை, அல்சர், சத்து மாத்திரை என்று அதில் எல்லாமே சாதுவாக இருக்கும். இன்னொன்று ஸ்கூட்டர் டிக்கியில். டாக்டர் மேசைக்குப் போவது அதுதான்.

ஆகவே என் கழுத்தில் கட்டி வந்து, ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்து, "ஒண்ணும் இல்லம்மா, சாதாரண தைராய்டு கட்டிதான், பயப்படாதீங்க" என்று டாக்டர் சிரித்தபோது நான் நம்பவில்லை. அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். சேலையூர் கேம்ப் ரோட்டில் இதே கிளினிக், இதே சுழல் நாற்காலி, எதிரே என் மாமியார். அப்போதும் அவர் இப்படித்தான் சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டு என் கணவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். உடனே இங்கிலீஷ் ஆரம்பித்தது.

எனக்கு இங்கிலீஷ் அடியோடு தெரியாது என்று சொல்ல முடியாது. தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ. பஸ் போர்டு படிப்பேன், மாத்திரை அட்டை படிப்பேன், பையனுக்கு ஐந்தாவது வரை பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து வேகமாகப் பேசினால், சானட்டோரியம் ஸ்டேஷனில் நிற்கிறவளுக்கு, அங்கே நிற்காத எக்ஸ்பிரஸ் போகிற மாதிரிதான். பெட்டி பெட்டியாக ஏதோ போகிறது தெரியும், எந்த ஊர் வண்டி என்று படிப்பதற்குள் வால் தெரிந்துவிடும். என் கணவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷில் கடிதம் எழுதியே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

அன்றைக்கு அந்த எக்ஸ்பிரஸிலிருந்து நான்கு வார்த்தைகள் என் கையில் சிக்கின. ஸ்கேன், சர்ஜரி, டிலே, ஒய்ஃப். ஒய்ஃப் என்று சொன்னபோது இரண்டு பேரும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன பேசினீங்க அவ்வளவு நேரம்?"

"அவர் பையன் படிப்பு பத்தி. காலேஜ் சேரணுமாம்."

"அதுல சர்ஜரி எங்க வந்தது?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "சர்ஜரி படிக்கணும்னு ஆசையாம்." ஹெல்மெட்டுக்குள் இருந்து வந்ததால் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்த மனிதருக்கு ஒரு பொய்யை ஒழுங்காகக் கோக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அது டிவி பக்கத்தில்தான் இருந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. டிவி பக்கத்தில் இருக்கிற காகிதத்துக்கு எங்கள் வீட்டில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியாதா? ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து பார்த்தேன். மழைக்கோட்டும் துடைக்கிற துணியும்தான் கிடந்தன. அதிலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. போன தடவை டிக்கி, இந்தத் தடவை வேறு இடம், அவ்வளவுதானே.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது ஒவ்வொன்றும் என் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் என் மகன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்கிறவன், தினமும் செய்ய ஆரம்பித்தான். "சாப்டியாம்மா, அப்பா என்ன பண்றார், அப்பாகிட்ட குடு" என்பான். போனை வாங்கிக்கொண்டு அவர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். டிவியில் எந்த சேனல் என்று எங்களுக்குள் தினம் நடக்கிற சண்டை நின்றுபோனது. ரிமோட்டை அவரே என் பக்கம் தள்ளிவைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பாத்ரூம் பிரஷை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத மனிதர், தினமும் காலையில் தானே பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் வெளியே வந்தார். ஒரு நாள் நான் கதவுக்கு வெளியே நின்று அந்தத் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டு அழுதேன். இவ்வளவு இரக்கப்படுகிறார் என்றால் எனக்கு அதிக நாள் இல்லை என்றுதானே அர்த்தம்?

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது அவர் நடத்திய பாடம். மோட்டார் எப்போது போட வேண்டும், டேங்க் நிரம்பினால் சத்தம் எப்படி மாறும், போனில் கேஸ் எப்படி புக் செய்வது, கரண்ட் பில் எப்படிக் கட்டுவது என்று ஒவ்வொரு மாலையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தந்தார். "நீயே பண்ணு, நான் பாக்கறேன்" என்பார். நான் தப்பாக அழுத்தினால்கூடக் கத்தவில்லை. போகப்போகிறவளுக்கு மோட்டார் எதற்கு என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. ரொம்ப நாள் இருக்கப்போகிறவளுக்குத்தானே இதையெல்லாம் சொல்லித் தருவார்கள்? நான் ரொம்ப நாள் இருப்பேன் என்று என்னையே நம்ப வைக்கத்தான் இந்த நாடகம். எவ்வளவு சாமர்த்தியம் என்று உள்ளுக்குள் வியந்தேன்.

பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ராத்திரி கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். என் உடம்பில் என்ன நடக்கிறது என்று இஸ்திரிக்காரருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போகக்கூடாது. மாமியார் மாதிரி ரசத்தைக் குறை சொல்லிக்கொண்டே நான் சாக மாட்டேன். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா, எங்கே படுப்பது, யாரைக் கடைசியாகப் பார்ப்பது, எல்லாவற்றையும் நான்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அந்த எக்ஸ்பிரஸில் ஏறியாக வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பிளவுஸ் தைக்கும் கடைக்கு மாடியில் மத்தியான வேளையில் ஒரு வகுப்பு நடந்தது. மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாக்களுக்கான ஆஸ்பத்திரி இங்கிலீஷ். சொல்லித் தருகிற பெண், அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவள். அந்த வேலையை கம்ப்யூட்டரே செய்ய ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டாள். சின்னப் பெண்தான், ஆனாலும் எல்லோருக்கும் மிஸ்.

"உங்க பொண்ணு எந்த ஊர் அக்கா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"டல்லாஸ்" என்றேன். எனக்கு மகளே கிடையாது.

"எத்தனாவது மாசம்?"

"ஏழு."

அந்த மகள் அதற்குப் பிறகு ஏழாம் மாசத்திலேயே நின்றுவிட்டாள். பம்மலில் இருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வரும் ஒரு அம்மா இதைக் கவனித்துவிட்டார். "போன மாசமே ஏழுன்னு சொன்னீங்களே" என்று இழுத்தார். "அங்க எல்லாம் வேற மாதிரி கணக்கு" என்று சமாளித்தேன். அந்த நல்ல மனுஷி மறுவாரம் என் மகளுக்கென்று ஒரு டப்பாவில் பிரசவ லேகியம் கிளறிக் கொண்டுவந்து கொடுத்தார். அதை நானே சாப்பிட்டுத் தீர்த்தேன்.

வலிக்கு என்னென்ன வார்த்தை என்பது முதல் பாடம். கூர்மையான வலிக்கு ஒன்று, மந்தமான வலிக்கு ஒன்று, எரிச்சலுக்கு ஒன்று, விண் விண் என்று தெறிப்பதற்கு ஒன்று. மிஸ் போர்டில் எழுதிவிட்டு நிம்மதியாகத் திரும்பினாள். நாங்கள் விடவில்லை.

"மிஸ், கடுக்குதுன்னா என்ன சொல்லணும்?"

"குடையுதுன்னா?"

"முழங்காலுக்குக் கீழ இழுக்குது மிஸ். வலியும் இல்ல. இழுக்குது."

மிஸ் போர்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் பம்மல் அம்மா கேட்டார், "ஒரு மாதிரியா இருக்குன்னா?"

"அக்கா, அமெரிக்காவுல 'ஒரு மாதிரி'ன்னு ஒரு வியாதியே கிடையாது" என்றாள் மிஸ். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்த மொழி மேல் சந்தேகம் வந்தது. நாங்கள் டாக்டரிடம் போவதே பாதி நாள் ஒரு மாதிரியாக இருப்பதால்தானே. அதற்கு வார்த்தை இல்லை, ஆனால் ரிப்போர்ட் நெகட்டிவ் என்றால் சந்தோஷப்பட வேண்டுமாம். நல்ல சேதியை இப்படிச் சொல்கிற ஆட்களை எப்படி நம்புவது?

கட்டிக்கு அவர்களிடம் வார்த்தைப் பஞ்சமே இல்லை. லம்ப், மாஸ், க்ரோத் என்று ஏழெட்டு. பெயரைச் சொல்லாமல் சொல்வதில் அவர்களும் எங்கள் வீட்டு ஆட்கள்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். மெதுவாகக் கேட்டேன், "மிஸ், கட்டி கெட்ட கட்டின்னா எப்படிச் சொல்வாங்க?"

"மாலிக்னன்ட். நல்லதுன்னா பினைன்." சொல்லிவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள். "பிரசவத்துக்கு இது எதுக்குக்கா?"

"சும்மா தெரிஞ்சு வெச்சுக்கலாம்னு."

என் ரிப்போர்ட்டில் பினைன் என்று இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அது டிவி பக்கத்து ரிப்போர்ட். கெட்டிக்காரர், கெட்ட வார்த்தையையா அங்கே வைப்பார்?

இன்னொரு நாள் சிறுநீர் பாடம். எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மிஸ் கவலைப்படவில்லை. போர்டில் ஒரு பெண்ணை வரைந்து அடிவயிற்றில் ஒரு பையைப் போட்டு, ப்ளாடர் என்று எழுதினாள். "அக்கா, அங்க போய் வெக்கப்பட்டீங்கன்னா நர்சுக்குப் புரியாது. சொல்லுங்க பாக்கலாம், ப்ளாடர்." நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கோரஸாகச் சொன்னோம். கீழே பிளவுஸ் அளவு கொடுக்க வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

வார்த்தை தெரிந்தால் போதாது, வேகத்தில் பிடிக்க வேண்டும். மிஸ் தன் பழைய பழக்கத்தில் டாக்டர்கள் பேசும் வீடியோக்களைத் தேடி எங்கள் போனுக்கு அனுப்புவாள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். முதலில் இரைச்சல், பிறகு அங்கங்கே ஒரு வார்த்தை, பிறகு ஒரு நாள் முழு வாக்கியம். அடுப்பில் சாம்பார் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன்.

"என்னத்த அப்படிக் கேக்கற?" என்றார் கணவர்.

"உபன்யாசம்" என்றேன்.

அவர் சந்தேகமாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பொய்.

அடுத்த தடவை கழுத்தைக் காட்டப் போக வேண்டிய நாள் வந்தது. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டேன். என் தீர்ப்பைக் கேட்கப் போகிறவள் நைந்த புடவையில் போவானேன் என்று இருந்தது. ஸ்கூட்டரில் போகும்போது வாய்க்குள்ளேயே வார்த்தைகளை ஒரு சுற்று சொல்லிப் பார்த்தேன்.

டாக்டர் என் கழுத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். "அப்படியேதாம்மா இருக்கு, பெருசாகல. ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் பாத்தா போதும்" என்று தமிழில் சிரித்தார். பிறகு நாற்காலி திரும்பியது. கணவர் போனை எடுத்து எதையோ திறந்து அவரிடம் நீட்டினார். நான் சுவரில் இருந்த குழந்தை படத்தைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன்.

முதலில் வந்து விழுந்த வார்த்தை மாலிக்னன்ட்.

சரி, வந்துவிட்டது, நான் நினைத்தது சரிதான் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு துளி திருப்திகூட இருந்தது. அடுத்த வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த வார்த்தை ப்ளாடர்.

என்னையறியாமல் கழுத்தைத் தொட்டேன். கழுத்து எங்கே, ப்ளாடர் எங்கே? பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக நின்று நின்று வந்தன, எனக்காகவே யாரோ வேகத்தைக் குறைத்த மாதிரி. ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் ஒரு வளர்ச்சி தெரிகிறது. சிறுநீர்ப் பரிசோதனையில் புற்றுநோய் அணுக்கள் வந்திருக்கின்றன. ரத்தம் போவது இன்னும் நிற்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். தினமும் போகிறது, காலையில்தான் அதிகம் என்றார் கணவர். இனிமேலும் தள்ளிப்போடக்கூடாது என்று டாக்டர் மேசையில் விரலால் தட்டினார். கணவர் குரலைத் தாழ்த்தி, என் மனைவி அவள் கழுத்தைப் பற்றியே இன்னும் தேறவில்லை, தீபாவளி போகட்டும், பிறகு பார்க்கலாம், இவளுக்குத் தெரியக்கூடாது, உடைந்துவிடுவாள் என்றார்.

பினாயில் வாசனை மூக்கில் ஏறியது. அந்த அறையில் பினாயில் இருந்ததா, இல்லை என் மண்டைக்குள் இருந்ததா, தெரியவில்லை. தினமும் காலையில் அந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு எதைக் கழுவினார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வெளியே நின்று எனக்காக அழுதுகொண்டிருந்தேன்.

எத்தனையோ இங்கிலீஷ் வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"டாக்டர், எப்ப அட்மிட் பண்ணணும்?" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். கணவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "நீ ஏம்மா... உனக்கு என்ன..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. டாக்டர்தான் முதலில் சுதாரித்தார். முழு நாற்காலியையும் என் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினார். "இந்த வாரமே பண்ணிடணும்மா. நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், சார் கேக்க மாட்டேங்கறார்."

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றோம். சாயங்காலம், கேம்ப் ரோட்டில் பள்ளிக்கூட வேன்களும் பஸ்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அவர் சாவியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளாங்க?" என்றேன்.

"உன் கழுத்து டெஸ்ட்டுக்குக் குடுத்தமே, அந்த வாரம்தான் ஆரம்பிச்சுது. உன் ரிசல்ட் வரட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"என் ரிசல்ட்தான் எப்பவோ வந்துடுச்சே! நல்ல கட்டின்னு வந்துடுச்சே!"

"நீ எங்க நம்பினே?" குரல் உயர்ந்தது. "தினம் மூஞ்சியத் தூக்கி வெச்சுகிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு கழுத்தத் தடவிகிட்டு. ஒண்ணுமில்லாததுக்கே இப்படிப் பயந்து சாகறவகிட்ட நான் இதை எப்படிடி சொல்வேன்?"

நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். ஸ்கூட்டர் டிக்கி, இரண்டு ஃபைல், மாமியாரின் அல்சர் எல்லாவற்றையும் இழுத்தேன். எங்கள் ஸ்கூட்டர் பாதி ரோட்டில் நின்றிருந்தது. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "இன்னா சார், ரோட்டுக்கு நடுவுல வண்டிய வுட்டுகினு பேஜார் பண்ணிகினு கீறீங்க? வூட்டுக்குப் போய் சண்டை போடுங்க சார்!"

வீட்டுக்குப் போய்ச் சண்டை போடவில்லை. ஏறி உட்கார்ந்ததும் அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டேன். அப்படி உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவர் மெதுவாக ஓட்டினார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த வாரமே ஆபரேஷன். மகன் ஹைதராபாத்திலிருந்து வந்துவிட்டான். தியேட்டருக்கு வெளியே இரும்பு நாற்காலியில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம். அவன் மேலும் எனக்குக் கோபம்தான். சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று கேட்டுக் கேட்டு என்னை ஏமாற்றியவன் இல்லையா.

சர்ஜன் வெளியே வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகன் முன்னால் போய் நின்று இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"சார், என்கிட்டயும் சொல்லுங்க. இங்கிலீஷ்லயே சொல்லுங்க, பரவாயில்ல" என்றேன்.

மகன் வாயைப் பிளந்தான். சர்ஜன் கொஞ்சம் தயங்கிவிட்டு இரண்டு மொழியையும் கலந்து சொன்னார். கண்ணுக்குத் தெரிந்த கட்டியைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. ஆனால் வேர் ஆழமாகப் போயிருப்பது போலத் தெரிகிறது. பயாப்ஸி ரிசல்ட் வந்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். அப்படி இருந்தால் சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு முன் கீமோவும் தேவைப்படலாம். எல்லா வார்த்தையும் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது உண்மை.

அவர் போனதும் மகன் என் கையைப் பிடித்து ஜன்னல் ஓரமாக அழைத்துப் போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அம்மா, அப்பாகிட்ட இப்ப இதைச் சொல்ல வேணாம். எல்லாத்தையும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிடலாம். கொஞ்சம் தெம்பு வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

நல்ல பையன். யாரும் சொல்லித் தராமலேயே கற்றுக்கொண்டிருக்கிறான்.

கணவரை அறைக்கு மாற்றியதும் நான் மட்டும் உள்ளே போனேன். அவர் வெளிறிப்போய்ப் படுத்திருந்தார். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் சிவப்பாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவரால் இப்போது கழுவி மறைக்க முடியாது. உதட்டை நனைத்துவிட்டேன்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

அந்தப் பொய் எனக்குப் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. எவ்வளவு சுலபமான பொய் அது, எவ்வளவு அன்பாக வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை மாசமாக அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டு, சர்ஜன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆழமாகப் போயிருக்கலாம் என்பதையும் சிறுநீர்ப்பையை எடுக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் சொன்னேன். இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"வேற எதுவும் இல்லையே?"

"இல்லங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எனக்காகக் குறைச்சுச் சொல்லலையே?"

சத்தியம் செய்தேன். சாயங்காலம் சர்ஜன் பார்க்க வந்தபோது, என் கண்ணெதிரிலேயே, கணவர் இங்கிலீஷில் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னதையேதான் சர்ஜனும் சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சர்ஜன் கதவைச் சாத்திக்கொண்டு போனார். போன பிறகும் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிச்சத்துக்கு வா" என்றார். "மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பு."

திருப்பினேன். அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.